உயரமா, பள்ளமா

பிப்ரவரி 3, 1992. திங்கள்

ஒருவழியாகப் படங்கள் வந்து சேர்ந்தன. ஐப்பசியில் மழை, மார்கழியில் பனி என்று சாக்குச் சொல்லிக்கொண்டிருந்த விமானம் போன மாதம்தான் ஏலமுடி மலைமேல் பறந்திருக்கிறது. கறுப்பு வெள்ளைப் படங்கள், ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டு அகலம். பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகியாயிற்று. இனி இரண்டு மாதம் இந்த மலைக்கு நான்தான் மகாராணி.

புது டைரி, அதனால் ஒருமுறை முறையாக எழுதி வைக்கிறேன். தெய்வானை, வயது நாற்பத்தெட்டு. கோயமுத்தூரில் காட்டு ஆராய்ச்சி ஆபீஸில், வானத்திலிருந்து எடுத்த படங்களைப் பார்த்துக் காட்டைக் கணிக்கும் உத்தியோகம். படம் பார்க்கிற வேலை என்று சொன்னால் சொந்தக்காரர்கள் தியேட்டரில் டிக்கெட் கிழிக்கிறேன் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

வேலை இதுதான். விமானம் கொஞ்சம் நகர்ந்து நகர்ந்து ஒரே இடத்தை இரண்டு தடவை படம் எடுக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மேலே இரட்டைக் கண்ணாடிக் கருவியை நிறுத்திக் குனிய வேண்டும். இடது கண்ணுக்கு இடது படம், வலது கண்ணுக்கு வலது படம். இரண்டு கண்ணும் சேர்ந்து பார்த்தால் தட்டையாகக் கிடந்த காடு சட்டென்று எழுந்து நிற்கும். மரம் உயரமாகத் தெரியும், மரம் போன இடம் பள்ளமாகத் தெரியும். இருபத்திரண்டு வருஷமாகப் பார்க்கிறேன், அது எழுந்து நிற்கிற நிமிஷம் இன்னும் அலுக்கவில்லை.

இந்தத் தடவை ஏலமுடியின் மேல் பிளாக். கோடாலியே படாத முதுகாடு. அங்கே ஒரு காண்ட்ராக்டருக்கு ரோட்டுக் குத்தகை உண்டு. காற்றில் விழுந்த மரத்தை மட்டும் லாரியில் இறக்குகிறேன் என்கிறான். நிற்கிற மரத்தையும் அறுக்கிறான் என்று புகார். 1976ல் எடுத்த படத்தையும் இப்போதைய படத்தையும் ஒப்பிட்டு நான் சொல்ல வேண்டும். வெட்டு நடந்திருந்தால் குத்தகை ரத்து, ரோட்டை மூடிவிடுவார்கள். இல்லையென்றால் இன்னும் பத்து வருஷம் அவனுக்கே.

மேல் பிளாக் என் வீட்டுக்காரர் பீட், அவர் காவல் சுற்றுகிற பகுதி. அவர் வனத்துறையில் கார்டு. "உனக்குச் சங்கடமாம்மா? வேற ஆள்கிட்ட குடுக்கட்டா?" என்று எங்கள் தலைவர் சத்தியநேசன் சார் கேட்டார். "என்ற வீட்டுக்காரர் காவல்ங்கிறதுக்காக மரம் பொய் சொல்லுமாங்க சார்?" என்றேன். சிரித்துவிட்டார்.

பிப்ரவரி 5. புதன்

மேஜை விளக்கு மங்கல். பல்பு மாற்றச் சொன்னேன். மாற்றிய பல்பும் மங்கல். வாங்குகிறவன் கமிஷன் அடிக்கிறான்.

பிப்ரவரி 8. சனி

அவர் மலையிலிருந்து இறங்கி வந்தார். முன்பெல்லாம் மாதம் இருமுறைதான் வருவார், இப்போது வாராவாரம் வந்து நிற்கிறார். பஸ் செலவு என்ன ஆவது என்று கேட்டால், "உன்ற ரசத்துக்கு அவ்வளவு குடுக்கலாம் அம்மிணி" என்கிறார். இவருக்கு எப்போதிலிருந்து என் ரசம் பிடித்தது என்று தெரியவில்லை.

காபி ஆற்றும்போது பாதி டம்ளருக்கு வெளியே போய்விட்டது. புது டவரா, வாயகலமே சரியில்லை. அவர் துணியெடுத்துத் துடைத்துவிட்டு, "இனி நான் ஆத்தறேன், குடு" என்றார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்க்காத மனுஷன்!

இன்னொரு கெட்ட பழக்கமும் வந்திருக்கிறது. எங்கே போனாலும் எனக்கு வலது பக்கமே வந்து உட்காருகிறார். கட்டிலில் நான் சுவரோரம் இடம் பிடித்தாலும் எழுப்பி மாற்றிப் படுக்க வைக்கிறார். வயசானால் ஆம்பளைகளுக்குக் கிறுக்குப் பிடிக்கும் என்பது சரிதான்.

பிப்ரவரி 12. புதன்

கீழ் பிளாக் முடிந்தது. பழைய படமும் புதுப் படமும் அப்படியே பொருந்துகின்றன.

பக்கத்து மேஜை ஹமீதா, "ஏனக்கா தலையை ஒருபக்கமாச் சாய்ச்சே பாக்கறீங்க?" என்றாள். கழுத்துப் பிடிப்பு என்றேன். "கண்ணு டாக்டர்கிட்ட..." என்று ஆரம்பித்தாள். கழுத்துப் பிடிப்புக்கு எதற்கடி கண் டாக்டர் என்று கத்திவிட்டேன். மத்தியானம் அவள் டப்பாவிலிருந்து எனக்குப் பிரியாணி வைத்தாள். கத்தியிருக்க வேண்டாம்.

பிப்ரவரி 14. வெள்ளி

அடுப்படி நிலையில் மறுபடியும் இடது முழங்கை இடித்தது. கட்டின கொத்தனாரைச் சொல்ல வேண்டும்.

பிப்ரவரி 20. வியாழன்

மேல் பிளாக் முடித்தேன். ஒரு ஓட்டை இல்லை. காடு நெய்த துணி போல முழுசாகக் கிடக்கிறது. படத்தின்மேல் விரித்த கண்ணாடித்தாளில் எல்லை மட்டும் கீறினேன், உள்ளே குறிக்க ஒன்றுமில்லை.

எவ்வளவு பெருமையாக இருக்கிறது என்று இங்கேயாவது எழுதிக்கொள்கிறேன். அட்டைக்கடியும் காய்ச்சலுமாக இருபது வருஷம் அந்த மலையில் நடந்தார். ஊரில் எல்லோரும் அவரை வெறும் கார்டு என்பார்கள். வானத்திலிருந்து பார்த்தால் தெரிகிறது அவர் காவல். சனிக்கிழமை ஆபீசுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். அவர் காட்டை அவருக்கே காட்ட வேண்டும்.

பிப்ரவரி 22. சனி

வெளியாள் படம் பார்க்க சார் கையெழுத்து வேண்டும். "நாச்சிமுத்து வெளியாளா?" என்று சிரித்துக்கொண்டே போட்டுக் கொடுத்தார்.

கல்யாணமான புதிதில் ஒருநாள் அவருக்கு இந்தக் கருவியில் பார்க்கச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அன்றைக்கு, "அட அட அட" என்று ஆபீஸ் முழுக்கக் கேட்கும்படி கத்தினார். இன்றைக்கும் அப்படிக் கத்துவார் என்று பக்கத்தில் நின்றேன். குனிந்தார். பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"அம்மிணி, மலை குழியாட்டம் இருக்குது. ஓடை மேட்டு மேல ஓடுது."

"சரியாப் பாருங்க."

"பாத்துட்டேன். இடது படம் வலது பக்கம் இருக்குது, வலது படம் இடது பக்கம்."

படத்தை மாற்றி வைத்தால் எல்லாம் தலைகீழாகும். மலை பள்ளமாகும், பள்ளம் மலையாகும், மரம் நிற்கிற இடம் குழியாகும், குழி மரமாக நிற்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் எல்லோரும் செய்கிற தப்பு. குனிந்த உடனே வயிற்றைப் புரட்டும், அடுத்த நிமிஷம் மாற்றிவிடுவோம். எனக்குப் புரட்டவே இல்லை.

"நீங்க கண்டுபுடிக்கிறீங்களான்னு பாக்கத்தான் மாத்தி வச்சேனுங்க" என்றேன்.

அவர் டேப்பை மெதுவாக உரித்து, படங்களைச் சரியான இடத்தில் வைத்து, மறுபடி குனிந்தார். வெகுநேரம் பார்த்தார். கத்தவில்லை.

"எப்பிடி இருக்குது உங்க காடு?"

"நல்லா இருக்குது. வா, ஊட்டுக்குப் போலாம்."

ராத்திரி இரண்டு இட்லியோடு எழுந்துவிட்டார். ஹமீதாதான் மேஜை துடைக்கும்போது படத்தை மாற்றி வைத்திருப்பாள். ஆனால் ஒட்டியிருந்த டேப் நான் பல்லால் கடித்துக் கிழித்தது. அந்தக் கோணல் எனக்குத் தெரியும்.

பிப்ரவரி 23. ஞாயிறு

அவர் முதல் பஸ்ஸிலேயே மலைக்குப் போய்விட்டார். திங்கள்தான் போவார் எப்போதும். அவசர வேலையாம்.

மத்தியானம் சும்மா உட்கார்ந்திருந்தபோது வலது கண்ணைக் கையால் பொத்திப் பார்த்தேன். எதிரே காலண்டர் இல்லை. முருகன் இல்லை, தேதி இல்லை. கரண்ட் போய்விட்டதோ என்று கையை எடுத்தேன். விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

கண்ணாடி மாற்ற வேண்டும்.

பிப்ரவரி 27. வியாழன்

கண்ணாடி மாற்றிப் பயனில்லையாம். டாக்டரம்மா சின்னப் பெண், நல்ல மாதிரி. உள்ளே அழுத்தம் ஏறி நரம்பு காய்ந்துவிட்டது, இடது கண்ணில் போன பார்வை போனதுதான், வலது கண்ணையாவது சொட்டு மருந்து விட்டுக் காப்பாற்றுவோம் என்றாள். "ஒரு வருஷமாவது இருக்கும்மா. உங்களுக்குத் தெரியவே இல்லையா?" என்று கேட்டாள்.

இருபத்திரண்டு வருஷம் கண்ணை வைத்தே சோறு தின்றவளைப் பார்த்துக் கேட்கிறாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதேன். அழுகை மட்டும் இரண்டு கண்ணிலும் ஒழுங்காக வருகிறது.

மார்ச் 3. செவ்வாய்

மேல் பிளாக் வரைபடம் டைப் ஆகி வந்துவிட்டது. 'வெட்டு இல்லை.' சார் பார்த்துவிட்டு, "நாச்சிமுத்துவுக்கு மெடல் குடுக்கணும்" என்றார். நான் கையெழுத்துப் போட வேண்டிய இடம் மட்டும் காலி. பேனாவில் மை இல்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன். ஹமீதா தன் பேனாவை நீட்டினாள். தலைவலி என்று சொல்லி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

கண் தெரியாமல் பார்த்த காட்டை முழுசு என்று எப்படிச் சொல்வது? கண் போச்சு என்று யாரிடம் சொல்வது? வாழ்நாளில் எனக்குத் தெரிந்தது இந்த ஒரு வேலைதான். இது போனால் ஃபைல் அடுக்கத்தான் உட்கார வைப்பார்கள். பயமாக இருக்கிறது.

மார்ச் 6. வெள்ளி

அவர் சாயங்காலமே வந்தார். செருப்பு முழுக்கச் செம்மண், காலில் அட்டைக்கடித் தழும்பு. குளிக்கக்கூட இல்லை, என்னை உட்கார வைத்தார்.

"டாக்டர்கிட்டப் போனியா?"

எந்த டாக்டர் என்று கேட்க வாயெடுத்தேன். முடியவில்லை. போனதைச் சொன்னேன்.

"போன தீபாவளில இருந்தே தெரியும் எனக்கு. எடது பக்கமா வந்து கூப்பிட்டா திடுக்குனு பதறுவ. அதுதான் வலது பக்கமாவே உட்காந்துக்கறது."

எனக்கு வந்ததே கோபம். "தெரிஞ்சுட்டே ஏனுங்க வாயத் தொறக்கல? கல்லுப் புள்ளையாராட்டம் இருந்தீங்களே!"

"நீயாச் சொல்லுவேன்னு இருந்தேன். நானாக் கேட்டிருந்தா, கண்ணை உட்டுப்போட்டு என்னைப் புடிச்சுக் கத்தியிருப்ப. பயந்துட்டேன். அது என்ற தப்புத்தான்."

அது உண்மைதான். அப்படித்தான் செய்திருப்பேன். அவர் தோளில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதேன். காட்டு வாசனையும் வேர்வையுமாக இருந்தார். முடிந்தது, இனி மறைக்க ஒன்றுமில்லை என்று நிம்மதியாக இருந்த நேரத்தில் அவர் மறுபடி பேசினார்.

"இன்னொண்ணு இருக்குது அம்மிணி. அன்னிக்குப் படத்தைச் சரியா வச்சுப் பாத்தேன்ல, மேக்காலச் சரிவுல வரிசையாக் குழி. போய்ப் பாத்துட்டு வந்துட்டேன். பாதையோரத்துல ஒரு வரிசை மரத்தை நிக்க உட்டுட்டு, உள்ளார எடுத்துட்டானுங்க. கருங்குங்கிலியம், வெடிப்பலா, நாம நாலு பேரு கை கோத்தாலும் கட்டிப் புடிக்க முடியாத மரம். பாதையில போனா ஒண்ணுமே தெரியாது. மேலிருந்து பாத்தாத்தான் தெரியும்."

"எப்பங்க எடுத்தாங்க?"

"கட்டை காஞ்சிருக்கறதைப் பாத்தா, கார்த்திகை."

கார்த்திகையில் எனக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். மாதம் முழுக்க என் கட்டிலோரம் இருந்தார். கஞ்சி ஊட்டிவிட்டார், தலை வாரிவிட்டார்.

"லீவு குடுத்தாங்கன்னு சொன்னீங்களே?"

"கேக்கவே இல்ல. ஆளில்லாத சமயம், கேட்டா இல்லேன்னுதான் சொல்லியிருப்பாங்க. பக்கத்து பீட்டுக்காரன்கிட்டப் பாத்துக்கச் சொல்லிட்டு வந்துட்டேன். அவனும் பாதையிலதான் நடந்திருப்பான்."

குக்கர் கத்திக் கத்தி ஓய்ந்தது. நான் எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தேன். மனசில் வந்ததை அப்படியே சொன்னேன்.

"நான் பாத்த படத்துல ஒரு குழியும் இல்லீங்க. டைப் ஆயிருச்சு. கையெழுத்துப் போட்டுட்டா யாருக்கும் ஒண்ணும் ஆகாது. உங்க வேலையும் இருக்கும், என்ற வேலையும் இருக்கும்."

"போடுவியா?"

நான் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டேன்.

"அவனுக்கு இன்னும் பத்து வருஷம் ரோட்டைக் குடுத்தா, மேல் பிளாக்னு ஒண்ணு இருக்காது" என்றார். பிறகு, "உன்ற கண்ணு எங்கிட்ட இருக்குது. நாளைக்கு ஆபீஸ் போலாம்" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

மார்ச் 7. சனி

ஆபீஸில் வாட்ச்மேனைத் தவிர யாருமில்லை. போனில் சாரிடம் அனுமதி கேட்டுக்கொண்டேன். காரணம் திங்களன்று சொல்கிறேன் என்றேன்.

படங்களை அவர் கண்ணுக்குச் சரியாகும்வரை நகர்த்தினேன். "எந்திரிச்சிருச்சு" என்றார். எனக்குத் தட்டையாகத்தான் கிடந்தது. கேட்கும்போது ஒரு பொறாமை வந்தது, இருந்துவிட்டுப் போகட்டும்.

அவருக்குக் காடு தெரியும், படம் தெரியாது. எனக்குப் படம் தெரியும், காடு எழுந்து நிற்காது. பழைய படத்தை நான் வலது கண்ணால் பார்த்து, ஒவ்வொரு பெரிய தலைமரமாகத் தேடி, புதுப் படத்தில் அதே இடத்தில் ஊசியை வைப்பேன். "உயரமா, பள்ளமா?" என்று கேட்பேன். அவர் சொல்வார். உயரம் என்றால் பச்சை, பள்ளம் என்றால் சிவப்பு.

மலை முகட்டோரம் எல்லாம் உயரம், உயரம், உயரம். அவர் குரலில் குஷிகூட வந்தது. "பாரு, இந்த ஆலு எம்புட்டு ஒசரம்!" என்றார். மேற்குச் சரிவுக்கு ஊசி வந்தது.

"உயரமா, பள்ளமா?"

"பள்ளம்."

"நல்லாப் பாருங்க. பக்கத்து மரத்து நிழலா இருக்கும்."

"நிழல் இல்ல. எழுது."

அடுத்தது. "பள்ளம்." அதற்கடுத்தது. "பள்ளம்." ஒவ்வொரு பள்ளமும் அவர் கழுத்துக்குத்தான் வருகிறது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒன்றிரண்டையாவது உயரம் என்று சொல்லியிருக்கலாம். எனக்கு எப்படித் தெரிந்திருக்கும்? ஒன்றைக்கூட மாற்றிச் சொல்லவில்லை.  சிவப்புப் பென்சில் தாளில் வழுக்கியது. அவர் கருவியிலிருந்து கண்ணை எடுக்காமலே என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பிடித்தபடியே நான் வரைந்தேன்.

இந்த ஆளைப் போய்க் கிறுக்கு என்று எழுதியிருக்கிறேன்.

மார்ச் 9. திங்கள்

சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கண், மாற்றி ஒட்டிய படம், யார் பார்த்துச் சொன்னது, எல்லாம்.

"இவ்வளவு நாள் ஏம்மா சொல்லல?"

"பயமா இருந்துச்சுங்க சார்."

புருஷன் வாசித்ததை அப்படியே ரிப்போர்ட்டில் ஏற்ற முடியாது என்றார், அது நியாயம். ஹமீதாவைத் தனியாக உட்கார வைத்துப் பார்க்கச் சொன்னார். அவளிடம் எங்கள் தாளைக் காட்டவில்லை. அவள் சிவப்பு வைத்த இடமும் எங்கள் சிவப்பும் ஒன்றாகவே விழுந்தன. இரண்டு தாளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்த சார், "இதை உன் வீட்டுக்காரரே சொன்னாரா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

ஹமீதா சாயங்காலம் என் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாப் வரை வந்தாள். எனக்குத் தெரியாத வழியா என்று கேட்கவில்லை. பிடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மார்ச் 28. சனி

குத்தகை ரத்து. ஏலமுடி ரோட்டின் குறுக்கே பள்ளம் வெட்டி, சங்கிலி போட்டு மூடிவிட்டார்கள். காண்ட்ராக்டர் மேல் கேஸ்.

அதே நாளில் அவருக்கு சஸ்பெண்ட் ஆர்டர்.

இரண்டு செய்தியையும் அவரே வந்து சொன்னார். முதலில் ரோட்டைச் சொன்னார்.

ஏப்ரல் 8. புதன்

என்னை நூலகப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். வீட்டில் அவர் சமையல். குழம்பில் உப்பு இரண்டு தடவை விழுகிறது. வாயை மூடிக்கொண்டு சாப்பிடுகிறேன். எனக்கே ஆச்சரியம்.

ஏப்ரல் 21. செவ்வாய்

இன்றைக்கு விசாரணை. பஸ்ஸில் போகும்போதே என்னிடம் சத்தியம் வாங்காத குறை.

"உன்ற பேரை இழுக்க மாட்டேன். நீ சீக்கா இருந்ததாலதான் மரம் போச்சுன்னு நாளைக்கு எவனாவது பேசுவான். அதை நீ கேக்கக் கூடாது. வெளியவே உட்காந்திரு."

சரி என்று தலையாட்டினேன்.

கதவு திறந்தே கிடந்தது. வராந்தாவில் உட்கார்ந்திருந்த எனக்கு எல்லாம் கேட்டது. விசாரணை அதிகாரி கெட்டவரில்லை, மெதுவாகத்தான் கேட்டார். மரம் போனது உங்களுக்குத் தெரியுமா என்றார். அப்போது தெரியாதுங்க, இப்போது தெரியும் என்றார் இவர். கார்த்திகை மாசம் பீட்டில் இருந்தீர்களா? இல்லீங்க. லீவு சொன்னீர்களா? இல்லீங்க.

"எங்கதான் போனீங்க?"

"சொந்த வேலைங்க."

"ஒரு மாசம் பீட்டை உட்டுட்டுப் போற அளவுக்கு என்ன சொந்த வேலை?"

"சொந்த வேலைதானுங்க. அதுக்கு மேல சொல்ல ஒண்ணுமில்லீங்க."

"காண்ட்ராக்டர்கிட்ட ஏதாச்சும் வாங்கினீங்களான்னு எழுத வேண்டியிருக்கும். புரியுதா?"

இவர் பேசவே மாட்டார். திருடன் என்று எழுதினாலும் எழுதிக்கொள்ளட்டும் என்று உட்கார்ந்திருப்பார், எனக்குத் தெரியாதா இந்த மனுஷனை? தலையாட்டியதெல்லாம் மறந்துபோயிற்று. எழுந்தேன். பியூன், "அம்மா, உள்ள போகக் கூடாதும்மா" என்று கையை நீட்டினான். கையைத் தட்டிவிட்டுப் போய் அதிகாரி மேஜைக்கு முன்னால் நின்றேன்.

"யாரும்மா நீங்க?"

"அவர் சொல்ற சொந்த வேலை நான்தானுங்க" என்றேன்.

இவர் திரும்பிப் பார்த்தார். எல்லார் முன்னாலும் திட்டப்போகிறார் என்று நினைத்தேன். பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் விட்டார்.